நயினாருக்கு ஜாமீன் நின்றவர்

"எதிரிக்கு யார் ஜாமீன்?" என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். சுடலைமாடன் அதற்காகத்தான் வந்திருந்தார். ஆனாலும் உடம்பு பெஞ்சை விட்டுக் கிளம்பவில்லை. வக்கீல் குமாஸ்தா தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, ஒங்களைத்தான்" என்ற பிறகே எழுந்து நின்றார். கூண்டில் நின்ற நயினார், அவருடைய தங்கச்சி புருஷன், அவர் பக்கம் திரும்பவே இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம் அது. சுடலைமாடனுக்கு வயசு நாற்பத்தைந்து இருக்கும். பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் தோணிச் சாமான் கடை வைத்திருந்தார். கயிறு, தார், பலகை இடுக்கு அடைக்கிற குங்கிலியம், செப்பு ஆணி, பாய் தைக்கிற நூல். முத்துக்குளிப்பு நின்றுபோனதில் கொஞ்சம் வியாபாரம் விழுந்தது. கொழும்புக்கும் கொச்சிக்கும் தோணிகள் போய்க்கொண்டிருந்ததால் கடை ஓடியது.

சாயர்புரத்துக்குத் தெற்கே பனங்காட்டு ஊர்க்காரர். தாயும் தகப்பனும் ஒரே வாந்திபேதியில் போனபோது தங்கச்சி சீனித்தாய்க்கு நடக்கத்தான் தெரியும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இந்த ஊருக்கு வந்தார். சொந்தக்காரர் கடையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு பேரும் படுத்து வளர்ந்தார்கள். பெண் தருகிறோம் என்று வந்தவர்களிடம், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றார். அது முடிந்தபோது யாரும் வரவில்லை. அவரும் தேடிப் போகவில்லை.

ஏரல்காரன் நயினாரை அவரே பார்த்துத்தான் மாப்பிள்ளையாக்கினார். டவுனில் ஒரு டாக்டரின் சொந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவன் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பேர். கல்யாணமாகி நாலைந்து வருஷம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு கல்லடைப்பு வந்தது. வலியில் சுருண்டு கிடந்தவனுக்கு டாக்டரே பெத்தடின் ஊசி போட்டார். கல் போன பிறகும் அந்த ஊசி இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. மருந்து அலமாரிச் சாவி அவனிடம்தான் இருந்தது.

சீனித்தாயிடம், ரத்தம் கம்மியாக இருக்கிறது, சத்து ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னான். அவள் நம்பினாள். தினமும் காலையில் உலை வைப்பதற்கு முன்னால் கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் தண்ணீரில் கொதிக்க வைத்து, துணியில் பொதிந்து அவன் கையில் கொடுப்பாள். புருஷனுக்குச் செய்கிற பணிவிடைகளில் அதுவும் ஒன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு வலிக்கு ஊசி ஏற்றிக் கொடுக்கிறவன் அவன்தான். மருந்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரை ஏற்றிக் கொடுத்து வந்திருக்கிறான். லூர்து என்கிற துறைமுகத் தொழிலாளி, சரக்குக் கட்டு அறுந்து விழுந்து கால் நசுங்கி வந்தான். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்ததும் அவன் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. ஊசி மேல் ஊசி போட்டாயிற்று என்றாள் நர்ஸ். டாக்டருக்குச் சந்தேகம் வந்து, அடுத்த ஊசியைத் தானே ஏற்றிப் போட்டார். லூர்து தூங்கிவிட்டான். நயினாரைத் தேடினால் கக்கூஸுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே போலீஸ் வந்தது.

வேலை செய்த இடத்தில் திருடிய கேஸ். நயினார் கோர்ட்டில் மறுக்கவில்லை. முதல் குற்றம் என்பதால் நன்னடத்தைச் சட்டத்தில் ஜெயில் இல்லாமல் விடலாமா என்று விசாரிக்கச் சொல்லி மாஜிஸ்டிரேட் தவணை போட்டார். பாளையங்கோட்டையிலிருந்து சிவசுப்பிரமணியன் என்ற நன்னடத்தை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். பஸ் தூசியில் இருமிக்கொண்டே நடப்பார். ஆஸ்பத்திரி, வீடு, தெரு எல்லா இடத்திலும் விசாரித்தார். லூர்தையும் போய்ப் பார்த்தார்.

"அவனை ஜெயில்ல போட்டா என் காலு முளைக்குமா சார்? என்னமும் செய்ங்க. எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம்" என்று லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாகக் கயிற்றுக்கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஜெயில்ல போட்டா அங்க ஊசி கிடைக்காது, நிக்கும். வெளிய வந்த அன்னைக்கே திரும்பப் போட்டுக்கிடுவாரு. இதுக்கு முன்ன ரெண்டு மூணு பேரைப் பாத்துட்டேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி மனநல வார்டுல சேத்து வைத்தியம் பாக்கணும். அப்புறம் ஒரு வீட்ல, ஒருத்தர் கண்ணு முன்ன இருக்கணும். அப்படின்னா கோர்ட்டுக்கு எழுதலாம். ஜாமீனுக்கு ஆள் வேணும்."

"அவங்க அண்ணன் தம்பிமாரு ஏரல்ல இருக்காவளே?"

"போனேன். வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டாவ."

சுடலைமாடன் தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைத்தார். "நான் என்ன செய்யணும்?"

"ஒங்க வீட்ல வச்சுக்கிடணும். அவரு மருந்துக்கடை, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகக் கூடாது. மறுபடியும் போட்டாருன்னு தெரிஞ்சா, மறைக்காம எங்கிட்டச் சொல்லணும்."

"சொன்னா ஜெயிலா?"

"ஆனாலும் ஆகும். ஆகாமலும் போகும். கோர்ட்டு முடிவு அது. பொய் சொல்லி ஒங்களை இதுல இழுக்க எனக்கு இஷ்டம் இல்ல."

வீட்டில் சீனித்தாயிடம் சொன்னபோது அவள் அரிவாள்மணையிலிருந்து எழுந்துவிட்டாள். கேஸ் நடந்த நாளிலிருந்து அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

"இங்கனயா கூட்டிட்டு வாரிய? அப்ப நான் எங்க போக?"

"எங்கயும் போகாண்டாம் தாயி. ஒண்ணுக்கு ரெண்டு ரூம்பு கெடக்கு. நீ பேசவும் வேண்டாம்."

"அந்த மனுசன் என் கையாலயே வேக வச்சு வாங்கிப் போட்டிருக்காரு அண்ணே. அந்தக் கால் போனவன் கத்துன கத்தல்ல எனக்கும் பங்கு உண்டுலா?"

ஜெயில்காரன் பெண்டாட்டி என்று தங்கச்சியை யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அவர் ஒத்துக்கொண்டார். நயினாரிடம் அவருக்குப் பிரியம் ஒன்றும் மிச்சம் இல்லை.

கோர்ட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் நன்னடத்தை, மனநல வார்டில் வைத்தியம், எந்தப் போதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. நயினார் வார்டில் இருந்துவிட்டு, கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து வந்து சேர்ந்தான்.

காவல் என்பது இவ்வளவு ஓய்ச்சல் இல்லாத வேலை என்று சுடலைமாடனுக்கு அதுவரைக்கும் தெரியாது. கடைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவார். கயிறு அளக்க, தார் டின் எடுத்துவைக்க அவனுக்கு வேலை கொடுத்தார். அவன் பின்பக்கம் ஒதுங்கினாலும் இவருக்குக் காது அங்கேதான் இருக்கும். தோணிக்காரர்களிடம் விலை பேசிக்கொண்டே கண்ணால் அவனைத் தேடுவார். காலையில் குளித்துவிட்டு வருகிறவனிடம், "கையைக் காட்டுங்க மாப்ள" என்பார். அவன் இரண்டு கையையும் நீட்டுவான். பிறகு வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டுவான். காட்டுகிறவனுக்கு எவ்வளவு கூச்சமோ, பார்க்கிறவருக்கும் அவ்வளவு கூச்சம்.

சீனித்தாய் சமைப்பாள். அவன் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரே வீட்டில் இருந்தும் மழைக்காலம் முழுக்க அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "உப்பு வேணுமான்னு கேளுங்க அண்ணே" என்பாள். "போதும்னு சொல்லுங்க மச்சான்" என்பான் அவன். நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அதை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொல்லுவார்.

சிவசுப்பிரமணியன் மாதம் ஒரு தடவை கடைக்கு வருவார். நயினாரோடு கொஞ்சம் பேசுவார். போகும்போது, "நீங்க எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்பார். வேறு யாரும் அவரிடம் அதைக் கேட்பதில்லை. "இருக்கேன் சார்" என்பார் சுடலைமாடன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் லூர்து கட்டைக்கால் ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தான். மச்சான் ஒருவனின் வள்ளத்துக்குக் கயிறு வேண்டியிருந்தது. சுடலைமாடன் சாப்பாட்டுக்கு உள்ளே போயிருந்தார். அவர் வெளியே வந்தபோது நயினார் கயிற்றை அளந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். லூர்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தடவை நயினாரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கல்லாவுக்கு வந்த சுடலைமாடன் பக்கம் திரும்பி, "இவனை இன்னும் வச்சுக்கிட்டா இருக்கிய?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அதற்கு அடுத்த வாரம் நயினார் திரும்பவும் ஊசி போட்டுக்கொண்டான். லூர்து வந்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. நயினாரைக் கேட்டபோது அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. காலையில் பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லை. இப்போது பாதத்தைக் காட்டச் சொன்னார். கணுக்காலில், நரம்பு ஓடுகிற இடத்தில், புள்ளி இருந்தது.

"எங்கன கிடைச்சுது?"

அவன் வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடினான்.

"யாரு கொடுத்தது மாப்ள?"

"கேக்காதிய மச்சான்."

சுடலைமாடன் அவனை அடிக்கவில்லை. அவருக்குக் கை ஓங்கக்கூடத் தெம்பு இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து சீனித்தாயிடம் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "போய் ஆபீசர்ட்டச் சொல்லிருங்க" என்றாள்.

மறுநாள் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உப்பளங்கள் போய், வாகைக்குளம் போய், வல்லநாட்டு மலை வந்தது. அவருக்கு மனசில் வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இனிமேல் அவன் ஜெயிலுக்குப் போவான். காலையில் யாருடைய கையையும் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி தூங்கலாம். அது தோன்றியதும் தன்மேலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்தும் அந்த நிம்மதி போகவில்லை.

ஆபீசில் சிவசுப்பிரமணியன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சார், நான் ஜாமீன்ல இருந்து விலகிக்கிடுதேன். அப்படிச் செய்ய வழி இருக்கா?"

"இருக்கு. கோர்ட்ல மனு போடலாம்."

"போட்டா?"

"வேற ஆள் நிக்கணும். இல்லேன்னா அவரு உள்ள போகணும்." சிவசுப்பிரமணியன் இருமி முடித்து எழுந்தார். "வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட இருக்கவங்கள்ல பாதிப் பேரு திரும்ப விழுந்தவங்கதான். ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுட்டுப் போயிரலாமான்னு இருக்கும். ஒங்களைப் போகாதியன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல அண்ணாச்சி. மனு போடணும்னா நானே எழுதித் தாரேன்."

"விழுந்தவன்ல எந்திரிச்சவன் உண்டா?"

"உண்டு. ஆனா முதல் தடவை எந்திரிச்சு அப்படியே நின்னவனை நான் பாக்கல."

சுடலைமாடன் டீயைக் குடித்து முடித்தார். மனு எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று எழுந்தார்.

அதிகாரி உள்ளதை உள்ளபடி கோர்ட்டுக்கு எழுதினார். ஜாமீன்தாரரே வந்து சொன்னதையும் எழுதி, இன்னொரு தடவை வைத்தியம் பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தார். மாஜிஸ்டிரேட் நயினாரைக் கூப்பிட்டு, இதுதான் கடைசி என்று எச்சரித்து, மறுபடியும் வார்டுக்கு அனுப்பினார்.

முதல் தடவை நயினாரின் தூரத்து உறவுக்காரர் ஒருவர் துணைக்கு இருந்தார். இந்தத் தடவை அவர் வர மறுத்துவிட்டார். நோயாளிக்கு வீட்டு ஆள் ஒருவர் கூட இருந்தே தீர வேண்டும். சுடலைமாடன் கடையைப் பூட்டினார். இருபது வருஷத்தில் தீபாவளி, பொங்கல் தவிர அந்தக் கதவு பகலில் பூட்டியதில்லை.

வார்டில் பார்த்த மாதிரி அவர் முன்னே எதையும் பார்த்ததில்லை. நயினாருக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. கால் தானாக உதைத்தது. குளிர்கிறது என்று போர்வை கேட்பான், போர்த்தினால் எறிவான். வாந்தியெடுத்துவிட்டு, இவரையும் இவருடைய செத்துப்போன அப்பனையும் சேர்த்துத் திட்டினான். பிறகு, "ஒரே ஒரு ஊசி மச்சான், சீனித்தாய் மேல சத்தியம்" என்று காலைப் பிடித்தான். சுடலைமாடன் வாளியைக் கழுவினார், துணியை மாற்றினார், மறுபடியும் வாளியைக் கழுவினார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். அவன் கால் கட்டிலை உதைக்கிற சத்தத்தில் விழித்துக்கொள்வார். டாக்டர் ஞானசௌந்தரி காலையில் வந்து நாடி பார்த்துவிட்டு இவரைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்க கடைசியா எப்ப தூங்குனீங்க?"

"தெரியலம்மா."

"இவருக்கு வேற சொந்தம் யாரும் இல்லையா? சம்சாரம்?"

"வராது அம்மா."

"வரச் சொல்லிப் பாருங்க. நீங்க படுத்துட்டீங்கன்னா உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும்."

ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். வருவாள் என்று நினைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சீனித்தாய் தூக்குச்சட்டியோடு வார்டு வாசலில் நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. தாடி வளர்ந்து, கண் குழிவிழுந்து, கட்டிலில் கிடப்பவன் யார், காவல் இருப்பவர் யார் என்று தெரியாத மாதிரி இருந்தார். நேரே கட்டிலுக்குப் போனாள். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத புருஷனிடம் பேசினாள்.

"இங்க பாருங்க."

நயினார் கண்ணைத் திறந்தான்.

"சத்து ஊசின்னு சொன்னிய. நான் உலை வைக்கதுக்கு முன்னாடி அதைத்தான் கொதிக்க வைப்பேன். ஊசி மழுங்கிட்டுன்னா நானே போய்ப் புதுசு வாங்கியாந்தேன். ஒங்களுக்கு ரத்தம் ஊறணும்னு கோயில்ல வேண்டிக்கிட்டேன். இப்பவும் பானையில தண்ணி கொதிக்க சத்தம் கேட்டா அடுப்பை விட்டு எந்திரிச்சு ஓடிருதேன். தினமும் சோறாக்கணும்லா நான்? தினமும் கேக்கேன்."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ உள்ள போயிருவியே, தட்டை வச்சிட்டு. அது எதுக்குன்னு தெரியும்."

"தெரிஞ்சும் திரும்பப் போட்டிய."

"ஆமா."

அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதற்காக வந்ததாகத் தெரியவில்லை. பிறகு வாளியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, போய்ப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"நீயா? திட்டுவான் தாயி. கண்டபடி திட்டுவான்."

"திட்டட்டும். நானும் திட்டுவேன்."

சுடலைமாடன் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தார். ஆட்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். சாப்பாட்டு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. எதுவும் கேட்காமல் மறுநாள் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினார். விழித்ததும் பதறி உள்ளே ஓடினார். நயினார் கண்ணை மூடிக் கிடந்தான். சீனித்தாய் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். "கஞ்சி குடிச்சாரு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. கையைப் பார்க்கிற வேலையைச் சீனித்தாய் எடுத்துக்கொண்டாள். அவள் பார்க்கும்போது அவன் கையை நீட்டுவதில் பழைய கூச்சம் இல்லை என்று சுடலைமாடனுக்குத் தோன்றியது. ஒருவேளை அது அவருடைய ஆசையாகவும் இருக்கலாம். சாப்பாட்டில் உப்பு வேண்டுமா என்று அவளே கேட்டாள். அவ்வளவுதான் மாற்றம். சிரிப்பு, பேச்சு என்றெல்லாம் ஒன்றும் வந்துவிடவில்லை.

இரண்டு வருஷம் முடிந்த அன்றைக்குக் கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் சிவசுப்பிரமணியன் நயினாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சுடலைமாடனிடம், "இனிமே நீங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி" என்றார். அதைக் கேட்டால் சந்தோஷம் வரும் என்று சுடலைமாடன் நினைத்திருந்தார். கால் வலிக்கிறது, எங்கேயாவது உட்கார வேண்டும் என்றுதான் தோன்றியது.

நயினாருக்கு ஓர் உப்புக் கம்பெனியில் மூட்டை எடை பார்க்கிற வேலை கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் சிவன் கோவிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு பார்த்துப் போனார்கள். கிளம்பும்போது நயினார் அவரிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, "மச்சான், கடைக்குப் பின்னால தார் டின்னு ஒண்ணு ஒழுகுது, பாத்துக்கிடுங்க" என்றான்.

அவன் மறுபடியும் விழுந்தான். அடுத்த வருஷம், ஆடி மாதம், காற்று உப்பை வாரி அடித்துக்கொண்டிருந்த நாட்களில். சுடலைமாடனுக்கு அது தெரிந்தது சீனித்தாய் கடைக்கு வந்து சொன்னபோதுதான். காலையில் வந்தாள். கையில் ஒரு பையில் துணிகள் இருந்தன.

"என்னளா?" என்று எழுந்துவிட்டார்.

"போட்டுட்டாரு அண்ணே. முந்தாநாள்."

அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பித்தானைப் போட்டுக்கொண்டே பூட்டைத் தேடினார்.

"எதுக்குச் சட்டை போடுதிய?"

"வார்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்லா?"

"அவரு நேத்தே போயிட்டாரு. எங்கிட்டச் சொல்லிட்டு, அவரே பஸ் ஏறிப் போயிட்டாரு. ஞானசௌந்தரி டாக்டர் சேத்துக்கிட்டாவளாம், ஆள் வந்து சொன்னான்." பையைத் தூக்கிக் காட்டினாள். "நான் துணைக்கு இருக்கப் போறேன். நீங்க வராண்டாம். எனக்கு முடியலன்னா சொல்லி விடுதேன், அப்ப வாங்க."

"ஒத்தையிலயா போற?"

"பகல்தானே. நான் போயிருவேன்."

அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவதைக் கடை வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை திரும்பி மறைந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தார். போட்ட சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. புழுக்கமாக இருந்தது. இரண்டு பித்தானை மட்டும் அவிழ்த்துவிட்டுக்கொண்டார். தோணிக்காரர் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, குங்கிலியம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு, உள்ள வாங்க" என்றார் சுடலைமாடன்.